பள்ளிப் பிள்ளைக்கு டாக்டர் பரிசோதனை: 1907 சட்டம் தந்தது என்ன, தராதது என்ன?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுத் தொடக்கப் பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் டாக்டர் ஒருவர் பார்த்தாக வேண்டியிருந்தது. 1908 ஜனவரி 1-இல் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1907-இல் நிறைவேறிய கல்வி நிர்வாகச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இந்தப் பொறுப்பை அந்தந்த ஊர்க் கல்விக் குழுவின் தலையில் வைத்தது. மேற்பார்வைக்கு, நாடு முழுவதற்குமான அரசின் கல்வி வாரியத்தில் தனி மருத்துவப் பிரிவும் வந்தது. அதன் முதல் தலைவர் ஜார்ஜ் நியூமன்.

தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போருக்கு (1899–1902) ஆள் எடுத்தபோது உடம்பில் வலு இல்லை என்று ஏராளமானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏன் என்று ஆராய்ந்த குழு, 1904-இல் பள்ளிப் பரிசோதனையைப் பரிந்துரைத்தது. படைக்கு ஆள் குறைந்த பிறகுதான் ஏழைப் பிள்ளையின் உடம்பு அரசின் கண்ணில் பட்டது என்பது வருத்தம்தான். வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பள்ளி வாரிய உறுப்பினர் மார்கரெட் மக்மில்லனும் பள்ளி டாக்டர் ஜேம்ஸ் கெர்ரும் 1890-களிலேயே பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்துக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்நாளில் பரிசோதனை பள்ளியிலேயே, பள்ளி நேரத்திலேயே நடக்கும். முன்கூட்டியே வீட்டுக்குத் தகவல் போகும். தாய் வந்து பக்கத்தில் இருக்கலாம். காலணியைக் கழற்றி உயரம், பிறகு எடை. தலைமுடியை விலக்கிப் பேனும் ஈறும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சொத்தைப் பல், வீங்கிய டான்சில், காது, இதயம், நுரையீரல் எல்லாம் பார்ப்பார்கள். எழுத்து தெரிந்த பிள்ளையை 20 அடி தள்ளி நிறுத்தி, சுவரில் மாட்டிய அட்டையை வாசிக்கச் சொல்வார்கள். 'மக்கு' என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பது அங்கேதான் வெளிப்படும்.

சரி, குறை தெரிந்துவிட்டது. வைத்தியம்? சட்டத்தின் ஓட்டை இங்கேதான். பரிசோதிப்பது கல்விக் குழுவின் கடமை. வைத்தியம் பார்ப்பது அதன் விருப்பம். பல வீடுகளுக்கு 'டாக்டரிடம் காட்டுங்கள்' என்ற சீட்டு மட்டுமே போனது. கூலிக்காரத் தாய் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? 1909-இல் வந்த சட்டமோ, கல்விக் குழு வைத்தியம் பார்த்தால் செலவைப் பெற்றோரிடம் வசூலிக்கச் சொன்னது. கொடுக்க வழியில்லாதவர்களுக்கு மட்டும் விலக்கு. 1911 தேசியக் காப்பீடும் வேலை செய்பவருக்குத்தான் டாக்டரைத் தந்தது, அவர் பிள்ளைக்கு அல்ல.

பிராட்ஃபோர்டில் கல்விக் குழுவே 1908-இல் பள்ளி மருத்துவமனை திறந்தது. 1910-இல் மக்மில்லன் சகோதரிகள் லண்டன் டெப்ஃபோர்டில் ஒன்று நடத்தினார்கள். 1912 முதல் வைத்தியத்துக்கு அரசு மானியம் கிடைத்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வைத்தியம் ஏற்பாடு செய்வதும் கடமை என்று ஆனது 1918 கல்விச் சட்டத்தில்தான். 1908-இல் ஐந்து வயதில் பரிசோதிக்கப்பட்ட பிள்ளை அதற்குள் பள்ளியை விட்டே போயிருக்கும்.