வாக்கிங் போறேன், ஆனா வெயிட் ஏறுது டாக்டர்!

ஜனவரி பாதி தாண்டினா போதும், எங்க கிளினிக்ல ஒரு கம்ப்ளெயின்ட் வர ஆரம்பிச்சுடும். காய்ச்சல் சளி இல்லீங்க. "டாக்டர், ஒண்ணாம் தேதியில இருந்து கரெக்டா ஜிம்முக்குப் போறேன், எண்ணெய்ப் பலகாரம் தொடறதே இல்ல, ஆனா ரெண்டு வாரத்துல ஒன்றரை கிலோ ஏறியிருக்கு, தைராய்டு டெஸ்ட் எழுதிக் குடுங்க." இப்படி வர்றவங்கள்ல நிறைய பேருக்கு தைராய்டும் நார்மலா இருக்கும், சுகரும் நார்மலா இருக்கும். இதுல எனக்குக் கவலை தர்ற விஷயம் அந்த ஒன்றரை கிலோ இல்ல, அதைப் பாத்துட்டு மனசு வெறுத்துப்போய் மூணாவது வாரம் ஜிம்மை நிறுத்திடறாங்களே, அதுதான். ஜிம்காரங்களும் வருஷ பீஸை முன்னாடியே வாங்கி வெச்சிருப்பாங்க, அவங்களுக்கு என்ன நஷ்டம்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா வெச்சுக்கலாம். வெயிட் மெஷின் கொழுப்பை மட்டும் தனியா எடுத்து நிறுத்திக் காட்டாது. ரத்தம், எலும்பு, நேத்து சாப்பிட்ட பரோட்டா, இன்னும் டாய்லெட் போகாம வயித்துல கிடக்கறது, இப்பதான் குடிச்ச ஒரு சொம்பு தண்ணி, எல்லாத்தையும் சேத்துதான் ஒரு நம்பர் சொல்லும். ஒரு லிட்டர் தண்ணி குடிச்சா ஒரு கிலோ ஏறும், அவ்வளவுதான் கணக்கு. ஆரோக்கியமா இருக்கற ஆளுக்கே காலைலயும் ராத்திரியும் பாத்தா ஒண்ணுல இருந்து ரெண்டு கிலோ வரைக்கும் வித்தியாசம் வரும்.

இதுக்கு நான் கிளினிக்ல அடிக்கடி சொல்ற உதாரணம் வினேஷ் போகட். 2024 ஆகஸ்ட், பாரிஸ் ஒலிம்பிக்ஸ், 50 கிலோ மல்யுத்தப் பிரிவு. 6ஆம் தேதி காலைல வெயிட் பாத்தப்ப லிமிட்டுக்குள்ளதான் இருந்தாங்க. அன்னிக்கு ஒரே நாள்ல மூணு பேரை ஜெயிச்சு ஃபைனலுக்குப் போனாங்க, நடுவுல தெம்புக்குக் கொஞ்சம் சாப்பாடு, கொஞ்சம் தண்ணி. சாயங்காலம் 2.7 கிலோ கூட இருந்துச்சுன்னு இந்தியக் குழுவோட டாக்டர் அப்புறம் சொன்னார். ராத்திரி முழுக்க வேர்க்க வெச்சு, முடியைக்கூட வெட்டியும் மறுநாள் காலைல 100 கிராம் கூட இருந்து போட்டியில இருந்தே எடுத்துட்டாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, 2.7 கிலோ கொழுப்பு ஒரு நாள்ல ஏறணும்னா கிட்டத்தட்ட 20,000 கலோரி கூடுதலா சாப்பிட்டிருக்கணும் (ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரி கணக்கு), அதாவது சாதாரண ஆளோட பத்து நாள் சாப்பாடு. நாள் முழுக்க மல்யுத்தம் பண்ணின ஒருத்தர் அதைச் சாப்பிட்டிருக்க முடியுமா? ஏறினது தண்ணியும் சாப்பாட்டோட எடையும்தான். உலகத்துலயே தன் வெயிட்டை ரொம்ப உன்னிப்பா கவனிக்கற ஆளுங்களுக்கே இந்தக் கதின்னா நம்ம வீட்டு பாத்ரூம் வாசல்ல இருக்கற மெஷின் 800 கிராம் கூடக் காட்டறதுக்கு ராத்திரி சாப்பாட்டையே கட் பண்றது என்ன நியாயம்?

சரி, எக்சர்சைஸ் ஆரம்பிச்ச உடனே ஏன் ஏறுது. மூணு காரணம் ஒண்ணா சேருது. பழக்கமில்லாத தசைக்கு வேலை குடுத்தா அதுல ரொம்பச் சின்னச் சின்னச் சேதம் வரும், அதைச் சரி பண்ண அந்த இடத்துல நீர் கோத்துக்கும், ஸ்குவாட் போட்ட ரெண்டாவது நாள் மாடிப்படி இறங்கும்போது தொடை கதறுமே, அந்த டைம்ல வெயிட் பாத்தா கூடத்தான் காட்டும். அடுத்தது ரத்தம். ரெகுலரா நடக்க, ஓட ஆரம்பிச்ச சில நாள்லயே ரத்தத்துல இருக்கற பிளாஸ்மாங்கற நீர்ப்பகுதியோட அளவு கூடும், வேர்வை விடறதுக்கும் இதயம் சிரமமில்லாம பம்ப் பண்றதுக்கும் உடம்பு செஞ்சுக்கற ஏற்பாடு அது, ரொம்ப நல்ல விஷயம், ஆனா மெஷின்ல அதுவும் வெயிட்டாத்தான் தெரியும். மூணாவது கிளைகோஜன். சாப்பிடற சாதம் சப்பாத்தியில இருந்து வர்ற சர்க்கரையைக் கல்லீரல்ல ஒரு 100 கிராமும் தசையில ஒரு 400 கிராமும் போல உடம்பு சேத்து வெச்சிருக்கும், உடற்பயிற்சி பண்ணப் பண்ண தசை இன்னும் கொஞ்சம் கூடச் சேத்து வெச்சுக்கக் கத்துக்கும். வேகும்போது அரிசி தண்ணியை இழுத்துக்கற மாதிரி ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் கூடவே சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். இது மொத்தமும் சேந்தாலே ஒண்ணு ஒன்றரை கிலோ வந்துடுது, இதுல கொழுப்பு எங்க இருக்கு சொல்லுங்க.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டா இன்னொரு ஏமாத்து வேலையும் புரிஞ்சுடும். "சாதத்தை நிறுத்துங்க, ஒரே வாரத்துல மூணு கிலோ குறையும்"னு விளம்பரம் பண்றாங்களே, குறையறது உண்மைதான், சேத்து வெச்ச கிளைகோஜன் காலியாகி அது பிடிச்சு வெச்ச தண்ணியும் யூரின்ல போயிடுது. அப்புறம் யாராவது சொந்தக்காரங்க கல்யாணத்துல நல்லா ஒரு பந்தி சாப்பிட்டதும் ரெண்டு கிலோ திரும்பி வந்துடும், "எனக்கு ஒரு வாய் சாதம் சாப்பிட்டாலே ஏறிடுது டாக்டர்"னு பாவமா சொல்லுவாங்க.

ஜிம் டிரெய்னர்கள் ஒரு சமாதானம் சொல்லுவாங்க, "கவலைப்படாதீங்க மேடம், ஃபேட் எல்லாம் மசிலா மாறிட்டு இருக்கு"ன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கொழுப்பு தசையா மாறாது, ரெண்டும் வேற வேற திசு. புதுசா வெயிட் தூக்க ஆரம்பிச்சவங்களுக்குத் தசை வளரும், அது உண்மை, ஆனா நல்லா சாப்பிட்டு நல்லா தூங்கி ஒழுங்கா பயிற்சி பண்ணினாலும் மாசத்துக்கு அரை கிலோ, மிஞ்சிப்போனா ஒரு கிலோ, பெண்களுக்கு அதுவும் கம்மி. ஒரே வாரத்துல ரெண்டு கிலோ மசில் யாருக்கும் வராது. கிரியேட்டின் பவுடர் எடுக்கற பசங்களுக்கு முதல் வாரம் ஒண்ணு ரெண்டு கிலோ ஏறுதுன்னா அதுவும் பெரும்பாலும் தசைக்குள்ள போற தண்ணிதான்.

அப்ப கொழுப்பு குறைஞ்சா எந்த வழியா வெளிய போகுது? வேர்வையாங்கறாங்க பாதிப் பேர். அதனாலதான் மே மாச வெயில்ல பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஓடறாங்க, தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க, 1997ல அமெரிக்காவுல மூணு காலேஜ் மல்யுத்த வீரர்கள் இப்படி வேர்க்க வெச்சு வெயிட் குறைக்கப் போயித்தான் அடுத்தடுத்து செத்துப்போனாங்க. வேர்வையில போறது தண்ணியும் உப்பும். கொழுப்பு எரிஞ்சா அதுல பெரும்பகுதி நாம விடற மூச்சுல கார்பன் டை ஆக்சைடா போயிடுது, 10 கிலோ கொழுப்புன்னா 8.4 கிலோ மூச்சுல, மீதி 1.6 கிலோ தண்ணியாகி வெளிய போகும்னு 2014ல ரெண்டு ஆஸ்திரேலியாக்காரங்க கணக்குப் போட்டுக் காட்டினாங்க. இப்படி மெதுவா மூச்சா போற விஷயத்தை ஒரு நாள் வெயிட்ல தேடினா எப்படிக் கிடைக்கும்.

எங்க கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ்ல தினமும் நடக்கற ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், பேங்க்ல வேலை, எதையும் எழுதி வெச்சாத்தான் அவங்களுக்குத் திருப்தி. ஒரு கோடு போட்ட நோட்டுல தினம் காலை வெயிட்டை எழுதிக்கிட்டு வந்தாங்க. முதல் வாரம்: திங்கள் 68.2, செவ்வாய் 68.9, புதன் 68.4, வியாழன் 68.0, வெள்ளி 69.3, சனி 68.7, ஞாயிறு 68.1. வெள்ளிக்கிழமை நம்பரைச் சுத்தி சிவப்பு மையில வட்டம் வேற. "வியாழக்கிழமை ராத்திரி என்ன சாப்பிட்டீங்க"ன்னேன். யோசிச்சுட்டு, "ஒரு ரிசப்ஷன் போனேனுங்க, ஆனா கொஞ்சமாத்தான் சாப்பிட்டேனுங்க"ன்னாங்க. கொஞ்சமாவே இருக்கட்டும், ரிசப்ஷன் சாப்பாட்டுல உப்பு கொஞ்சமாவா இருக்கும்? கோபி மஞ்சூரியன், ஊறுகாய், அப்பளம். ஆஸ்பத்திரியில ஏத்தற சலைன் பாட்டில்ல லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும், கிட்டத்தட்ட அதே விகிதத்துலதான் உடம்பும் உப்போட தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், அப்ப 3 கிராம் உப்பு கூடுதலா போனாலே 300 மில்லிக்கு மேல தண்ணி நிக்கும், கிட்னி அதை வெளிய தள்ள ஒண்ணு ரெண்டு நாள் எடுத்துக்கும். அவங்க நோட்டுலயே பாருங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாம் இறங்கிடுச்சு.

அந்த ஏழு நம்பரையும் கூட்டி ஏழால வகுத்தா 68.5. நாலாவது வாரச் சராசரி 67.6. மூணு வாரத்துல 900 கிராம், அதாவது வாரத்துக்கு 300 கிராம், இது உருப்படியான வேகம். ஆனா அவங்க முகத்துல சந்தோஷமே இல்ல, ஏன்னா நாலாவது வாரம் புதன்கிழமை 68.4 காட்டியிருக்கு, ஆரம்பிச்ச திங்கட்கிழமையை விட 200 கிராம் கூட! ரெண்டு நாளை மட்டும் எடுத்து வெச்சுப் பாத்தா ஏறியிருக்கு, ரெண்டு வாரத்தை எடுத்து வெச்சுப் பாத்தா இறங்கியிருக்கு. அவங்க பேங்க் கணக்கெல்லாம் இப்படி ரெண்டு என்ட்ரியை மட்டும் பாத்தா முடிப்பாங்க?

மாதவிலக்கு வர்ற வயசுல இருக்கற பெண்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கு. பீரியட்ஸுக்கு முந்தின வாரம் நிறைய பேருக்கு நீர் கோத்துக்கும், அரை கிலோவுல இருந்து ரெண்டு கிலோ வரைக்கும் ஏறலாம், மார்பு கனமா இருக்கும், மோதிரம் இறுக்கும். அதனால அவங்க இந்த வாரத்தைப் போன வாரத்தோட ஒப்பிடவே கூடாது, போன மாச சைக்கிள்ல இதே நாளோட ஒப்பிடணும். இதை எந்த டயட் சார்ட்லயும் எழுத மாட்டேங்கறாங்க, எனக்கு அதுல ரொம்பவே வருத்தம், பாதிப் பெண்கள் டயட்டை விடறதே இந்த ஒரு வாரத்துலதான்.

இவ்வளவு சொன்னதால எல்லா ஏத்தமும் தண்ணின்னு தலையில எழுதிடாதீங்க. ஆறு வாரம் ஒழுங்கா நடந்தும் வாரச் சராசரி இறங்கவே இல்லன்னா, இல்ல மெதுவா ஏறிட்டே போனா, பெரும்பாலும் சாப்பாடுதான் காரணம். 70 கிலோ இருக்கற ஆள் அரை மணி நேரம் வேகமா நடந்தா சுமார் 150 கலோரி செலவாகும். நடந்து முடிச்சுட்டு ஃப்ரெண்ட்ஸோட நின்னு ஒரு மெதுவடை, சர்க்கரை போட்ட ஒரு ஃபில்டர் காபி. முடிஞ்சுது, செலவானதை விட வரவு கூட. நடக்கறது வேஸ்ட்னு சொல்ல வரலை, சுகருக்கும் பிபிக்கும் தூக்கத்துக்கும் அது செய்யற நல்லது வெயிட் இறங்கலைன்னாலும் கிடைச்சுடும். சுகருக்கு பயோகிளிடசோன், இன்சுலின் எடுக்கறவங்க, ஸ்டீராய்டு எடுக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் மருந்தாலயே வெயிட் ஏறலாம், அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, எழுதிக் குடுத்தவங்ககிட்ட போய்ப் பேசுங்க.

வெயிட் பாக்கறதா இருந்தா காலைல எந்திரிச்சு டாய்லெட் போய்ட்டு வந்து, காபிக்கு முன்னாடி, மெல்லிசான டிரெஸ்ல, அதே மெஷின்ல, கெட்டியான தரையில வெச்சுப் பாருங்க (மிதியடி மேல வெச்சா மெஷின் தப்பாக் காட்டும்). தினமும் நம்பர் பாத்தா மூட் அவுட் ஆகுதுன்னா வாரத்துக்கு மூணு நாள் போதும். மெஷின்ல வர்ற ஃபேட் பர்சன்டேஜை ரொம்ப நம்பாதீங்க, கால் வழியா லேசா கரன்ட் அனுப்பி உடம்புல இருக்கற தண்ணியை வெச்சு அது போடற கணக்கு, தண்ணி குறைஞ்சிருந்தா கணக்கும் மாறிடும். அதை விட தையல்காரர் டேப் நல்ல கருவி, தொப்புள் மட்டத்துல சுத்தி மாசம் ஒரு தடவை அளந்து எழுதுங்க. நம்ம இந்திய உடம்புக்கு ஆண்கள் 90 செ.மீ.க்குள்ள, பெண்கள் 80 செ.மீ.க்குள்ள இருக்கறது நல்லது. வெயிட் அப்படியே நின்னு இடுப்பு மூணு செ.மீ. குறைஞ்சிருக்குன்னு வர்றவங்களைப் பாத்தா எனக்கு ரொம்பச் சந்தோஷம், உள்ள இருக்கற கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம்.

எப்ப பயப்படணும்னா, நீங்க முயற்சி பண்ணாமலே ஆறு மாசம் ஒரு வருஷத்துக்குள்ள உடம்பு எடையில நூத்துக்கு 5 பங்கு குறைஞ்சா, எல்லாரும் "ஸ்லிம் ஆயிட்டீங்க"ன்னு பாராட்டினாலும் சரி, வந்து காட்டுங்க. கட்டுப்பாடில்லாத சுகர், டி.பி., தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கறது, சில நேரம் கேன்சர்கூட இப்படித்தான் ஆரம்பிக்கும். அதே மாதிரி இதயம் பலவீனமா இருக்குன்னு ஏற்கனவே சொல்லப்பட்டவங்க, கிட்னி பிரச்சினை இருக்கறவங்க, இவங்களுக்கு நான் மேல சொன்ன சராசரிக் கணக்கு கிடையாது, தண்ணி ஏறறதுதான் அவங்களுக்கு ஆபத்தே, அதனால தினமும் வெயிட் பாத்து எழுதியே ஆகணும். ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேலயோ ஒரு வாரத்துல ரெண்டு கிலோவுக்கு மேலயோ ஏறி, கணுக்கால்ல விரல் வெச்சு அமுக்கினா குழி விழுது, ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது, தலைகாணி ரெண்டு வெச்சாத்தான் தூங்க முடியுதுன்னா அன்னிக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க, அடுத்த மாச செக்கப் தேதி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதீங்க.