எம்பார்கோ: தடையா, முற்றுகையா?

கியூபா மீதான அமெரிக்கத் தடையை நீக்கச் சொல்லி ஐ.நா. பொதுச்சபை 1992-லிருந்து அநேகமாக ஆண்டுதோறும் தீர்மானம் போட்டு வருகிறது. 2023-ல் 187 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும் எதிர்த்தன. அந்தத் தீர்மானத்தின் ஆங்கிலத் தலைப்பில் இருக்கும் சொல் எம்பார்கோ. ஸ்பானியத் தலைப்பில் புளோக்கேயோ, அதாவது முற்றுகை. பிரெஞ்சிலும் அதன் உறவுச் சொல்தான். ஒரே தாள், ஒரே வாக்கெடுப்பு, ஆனால் மொழிக்கு மொழி வேறு சொல். நம் செய்தித்தாளுக்கு வரும்போது இரண்டுமே 'பொருளாதாரத் தடை' ஆகிவிடுகிறது. அறுபது ஆண்டுச் சண்டையில் பாதி அந்தச் சொற்களுக்கு இடையில்தான் கிடக்கிறது. அதை நாம் மொழிபெயர்ப்பிலேயே தொலைத்துவிடுகிறோம்.

எம்பார்கோ என்பதே ஸ்பானியச் சொல். 'எம்பார்கார்' என்றால் தடுத்து நிறுத்து, பிடித்து வை. குறுக்குக் கட்டையைக் குறிக்கும் 'பார்ரா' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். வாசலுக்குக் குறுக்கே தாழ்க்கட்டை போடுவதை நினைத்துக்கொண்டால் போதும். இன்றும் ஸ்பானியம் பேசும் ஊர்களில் கடன் கட்டாதவர் வீட்டை நீதிமன்றம் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் எம்பார்கோதான். நாம் ஜப்தி என்கிறோமே, அது. 'சின் எம்பார்கோ' என்ற தொடருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் 'தடையின்றி'. வழக்கில் 'இருந்தாலும்' என்று பொருள். ஆக, கியூபத் தலைநகர் ஹவானாவில் ஒருவர் ஒரு நாளைக்குப் பத்து முறை இந்தச் சொல்லை அரசியலே இல்லாமல் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆங்கிலத்துக்கு இது கப்பல் ஏறிப் போனது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல் கிளம்பக் கூடாது என்று அரசு போடும் ஆணைதான் அங்கே இதன் பழைய பொருள். 1807-ல் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் கொண்டுவந்த எம்பார்கோ சட்டம் அமெரிக்காவின் சொந்தக் கப்பல்களையே வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போகவிடாமல் நிறுத்தியது. கப்பலிலிருந்து சரக்குக்கும் சரக்கிலிருந்து மொத்த வணிகத்துக்கும் பொருள் பரவியது அப்புறம்தான்.

கியூபா மீது தடை வந்த வரிசையைப் பார்த்தால் சொல்லின் எல்லை தெரியும். 1959 ஜனவரி 1-ல் கியூபச் சர்வாதிகாரி பாட்டிஸ்டா நாட்டைவிட்டு ஓடினார். மே மாதம் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து அமெரிக்கர்களின் கரும்புத் தோட்டங்களில் கை வைத்தது. 1960-ல் சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க மேற்கத்திய நிறுவனங்கள் மறுத்தன. புரட்சியில் ஆட்சிக்கு வந்த காஸ்ட்ரோவின் அரசு அந்த ஆலைகளை எடுத்துக்கொண்டது. ஜூலையில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் கியூபச் சர்க்கரைக்கான ஒதுக்கீட்டில் 7 லட்சம் டன்னை வெட்டினார். கரும்பை நம்பி வாழ்ந்த தீவுக்கு அது வயிற்றில் விழுந்த அடி. சோவியத் ஒன்றியம் வாங்கிக்கொள்கிறேன் என்று முன்வந்தது. அக்டோபரில் உணவும் மருந்தும் தவிர கியூபாவுக்குப் போகும் மற்ற அமெரிக்க ஏற்றுமதிக்குத் தடை. 1962 பிப்ரவரியில் அடுத்த அதிபர் கென்னடியின் ஆணையோடு கிட்டத்தட்ட முழு வணிகமும் நின்றது. அடுத்த மாதமே கியூபாவில் 'லிப்ரெத்தா' வந்தது. அரிசி, பீன்ஸ், எண்ணெய், சர்க்கரை என்று குடும்பத்துக்கு இவ்வளவு என எழுதிக் கொடுக்கும் சிறு புத்தகம். நம் பழைய ரேஷன் அட்டை நினைவுக்கு வராமல் போகாது.

இதைக் கியூபா எம்பார்கோ என்று சொல்வதில்லை. புளோக்கேயோ என்கிறது. பிரெஞ்சு வழியாக வந்த இந்தச் சொல்லின் வேர், டச்சுக்காரர்கள் மரக்கட்டைகளால் கட்டிய காவல்கொத்தளம். பகைவர் ஊரைச் சுற்றி அப்படிக் கொத்தளம் எழுப்பி உள்ளே எதுவும் போகாமல் அடைப்பது. தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. முற்றுதல் என்றால் சூழ்தல். கோட்டையைச் சூழ்வதைத் தொல்காப்பியம் 'முற்றல்' என்கிறது. கோட்டைப் போரைப் பாடும் உழிஞைத் திணையே அதுதான். பறம்பு மலையை மூவேந்தரும் சூழ்ந்தபோது கபிலர், நீங்கள் மூவரும் 'முற்றினும்' உழவர் உழாத நான்கு விளைச்சல் பாரிக்கு உண்டு என்றார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகை என்றாலே உள்ளே இருப்பவன் எதைத் தின்பான் என்ற கேள்வி கூடவே வருவது இந்தப் பாட்டில் துல்லியமாக இருக்கிறது. கலெக்டர் அலுவலக முற்றுகைப் போராட்டம் என்று சொல்லிச் சொல்லி இந்தச் சொல்லை நாம் கொஞ்சம் இளக்கிவிட்டோம் என்பது எனக்கு வருத்தம்.

போர்க்கப்பல்கள் உண்மையிலேயே கியூபாவைச் சூழ்ந்தது 1962 அக்டோபரில், சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் வந்திறங்கிய நெருக்கடியின்போது. அப்போது கென்னடி தான் செய்ததை முற்றுகை என்று சொல்லவில்லை. 'குவாரன்டைன்' என்றார். பன்னாட்டுச் சட்டத்தில் முற்றுகை போர்ச் செயல். ஆகவே கொள்ளைநோய்க் காலத்தில் வெனிஸ் துறைமுகம் கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி வைத்த சொல்லை எடுத்துக்கொண்டார். இதைத் தமிழில் 'தனிமைப்படுத்தல்' என்று எழுதினால் கொரோனா வார்டுதான் கண்ணில் வரும். அது கடல் முற்றுகை. 'கென்னடி குவாரன்டைன் என்று பெயரிட்ட கடல் முற்றுகை' என்று முழுசாக எழுதிவிடுவதே நேர்மை.

சரி, கப்பல்கள் போய்விட்டன; இன்றைக்கு இருப்பதை முற்றுகை என்பது மிகையா? முழுக்க மிகை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1992-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, சரக்கோடு கியூபத் துறைமுகத்துக்குப் போய் வந்த கப்பல் தனி அனுமதி இல்லாமல் 180 நாளைக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது. கப்பல் எந்த நாட்டுடையது என்பது கேள்வியே இல்லை. ஹவானாவுக்கு ஒரு நடை போனால் ஆறு மாதம் அமெரிக்கச் சந்தை போச்சு என்றால் எந்த முதலாளி போவார்? போகிறவர் கூலியை ஏற்றிக் கேட்பார். தன் கடையை மூடுவது வேறு, அடுத்த கடைக்காரனையும் விற்காதே என்பது வேறு. முதலாவது எம்பார்கோ, இரண்டாவது முற்றுகையை நெருங்குகிறது. மறுபக்கம், 2000-க்குப் பிறகு முன்பணம் கொடுத்தால் அமெரிக்காவிலிருந்தே உணவு வாங்கலாம். ஹவானாவில் அமெரிக்கக் கோழிக்கால் கிடைக்கிறது. முற்றுகைக்குள் எதிரியே கோழி அனுப்புவதில்லை.

சாங்ஷன் என்ற சொல்லும் இங்கே குறுக்கே வரும். 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சு' என்னும்போது ஒப்புதல். ஒரு நாட்டின் மேல் போட்டால் தண்டனை. பொருளாதாரத் தடை என்ற தொடரை இந்தத் தண்டனைப் பொருளுக்கு விட்டுவிடலாம்.

எம்பார்கோவுக்கு என் பரிந்துரை வணிகத்தடை. புளோக்கேயோவுக்கு முற்றுகை. செய்தியாளர் தன் குரலில் எழுதும்போது வணிகத்தடை என்றே எழுதட்டும். கியூப அமைச்சர் பேசினால் அவர் வாயில் முற்றுகைதான் இருக்க வேண்டும்; அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை.

கியூபர்களிடம் இன்னொரு தொடரும் புழங்குகிறது: 'புளோக்கேயோ இன்தெர்னோ'. தங்கள் அரசே உழவருக்கும் சிறுகடைக்காரருக்கும் போடும் கட்டுகளைப் பற்றிய மனக்குறை அது. வெளியே இருக்கும் முற்றுகையைக் காட்டியே உள்ளே இருப்பதை மறைக்கிறார்கள் என்பவர்கள் சொல்வது. அதை நான் உள்முற்றுகை என்று எழுதுவேன்.