மீட்புத் தொகையா, மீட்டோர் பங்கா?

போர்க்காலத்தில் எதிரி கைப்பற்றிய வணிகக் கப்பலைக் கடற்படையினர் மீட்டுக் கொடுத்தால், அக்கப்பலின் மதிப்பில் ஒரு பகுதி சட்டப்படி அவர்களுக்குச் சேரும். கடற்சட்டத்தில் இதற்கும், மூழ்கவிருந்த கப்பலைக் காத்தோர் பெறும் பங்குக்கும் ‘சால்வேஜ்’ என்று பெயர். காத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், 17-ஆம் நூற்றாண்டில் முதலில் குறித்தது காக்கும் செயலையன்று, அதற்காகப் பெறும் பணத்தையே.

இதைத் தமிழில் ‘மீட்புத் தொகை’ என்று எழுதுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அண்மையில் ஒரு போர் வரலாற்று மொழிபெயர்ப்பில், மாலுமிகள் மீட்புத் தொகை பெற்றனர் என்ற வரியைப் படித்ததும், அவர்கள் யாரையோ பிணையாகப் பிடித்து வைத்திருந்தார்கள் என்றெண்ணி இரண்டு பக்கம் பின்னால் புரட்ட வேண்டியதாயிற்று. சோமாலியக் கடற்கொள்ளையர் கேட்டதுதான் மீட்புத் தொகை. அடகு நகையை மீட்கக் கட்டும் பணமும், கடத்தல்காரனுக்குக் கொடுக்கும் பணமும், பொருளையோ ஆளையோ பிடித்து வைத்திருப்பவன் கைக்கே போகின்றன. சால்வேஜோ, பிடித்து வைத்திருந்தவனிடமிருந்து பறித்து வந்தவனுக்குச் சேர்வது. ஆநிரை கவர்தலுக்கு வெட்சி என்றும் மீட்டலுக்குக் கரந்தை என்றும் வெவ்வேறு பூவைச் சூட்டிய மொழியில், கவர்ந்தவன் பெறுவதையும் மீட்டவன் பெறுவதையும் ஒரே சொல்லால் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

‘வெகுமதி’ என்பாரும் உளர். வெகுமதி கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது, இதுவோ உரிமை. பிரிட்டனின் 1864-ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டத்தின்படி, எதிரியிடமிருந்து அரசின் போர்க்கப்பல் மீட்ட கப்பலைத் திரும்பப் பெற, உரிமையாளர் அதன் மதிப்பில் அரைக்கால் பங்கு தர வேண்டும். மீட்பில் தனித்த இடரோ அருமையோ இருந்திருந்தால் நீதிமன்றம் அதைக் கால் பங்குவரை உயர்த்தலாம். கல்கத்தாவிலிருந்து ஹாம்பர்க் சென்ற ‘அமீலியா’வைப் பிரெஞ்சுக்காரர் பிடிக்க, 1799-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ‘கான்ஸ்டிடியூஷன்’ அதை மீட்டது. 1801-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், செலவு போக எஞ்சும் மதிப்பில் ஆறில் ஒரு பங்கைத் தீர்ப்பாக அளித்தார். ‘ஊதியம்’ என்பதும் பொருந்தாது, ஏனெனில் கப்பல் தப்பாவிட்டால் இதில் ஒரு காசும் கிடையாது.

ஆகவே ‘மீட்டோர் பங்கு’ என்கிறேன். பணம் யாருக்கு, எதிலிருந்து என்னும் இரண்டையும் இச்சொல்லே சொல்லிவிடுகிறது.

‘பிரைஸ்’ என்பதைப் ‘பரிசு’ என்று பெயர்ப்பது இதைவிடப் பெருங்குழப்பம். அது போரில் கவர்ந்த கப்பல், ‘கவர்பொருள்’ எனலாம். 1941 நவம்பர் 6-இல் அமெரிக்கக் கொடியும் ‘வில்மோட்டோ’ என்ற பொய்ப்பெயருமாக வந்த ஜெர்மன் கப்பல் ‘ஓடன்வால்டை’ ‘ஒமாஹா’ என்னும் போர்க்கப்பல் மறித்தது. ஜெர்மானியர் வெடிவைத்துவிட்டுப் படகுகளில் இறங்க, அமெரிக்க மாலுமிகள் ஏறிச்சென்று, மூழ்காமல் காத்து, போர்ட்டோ ரிக்கோவில் சேர்த்தனர். அமெரிக்கா அன்று போரில் இறங்கியிருக்கவில்லை என்பதால் 1947-இல் நீதிமன்றம் அதைச் சால்வேஜாகவே கொண்டு, ஏறிச்சென்றோருக்குத் தலைக்கு 3,000 டாலரும் மற்றோருக்கு இரண்டு மாதச் சம்பளமும் அளித்தது. இத்தீர்ப்பைப் ‘பரிசன்று, மீட்புத் தொகை’ என்று எழுதினால் வாசகருக்கு என்ன விளங்கும்? கப்பல் கவர்பொருள் அன்று, மாலுமிகளுக்கு உரியது மீட்டோர் பங்கே என்று எழுதினால் வழக்கே விளங்கிவிடும்.