பூட்டிக் கிடக்கும் இரும்பு

முடக்குவாதம் வந்தவர்களில் பலருக்கு மூட்டு வலியோடு தீராத அசதியும் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு, ரத்தத்தில் ஓடும் இரும்பும் குறைவு. சரி, இரும்பு மாத்திரை போதும் என்றுதான் தோன்றும். மாதக்கணக்கில் விழுங்கியும் பலன் தெரியாமல் போவதுண்டு. உடம்பில் இரும்பு இருக்கிறது, வெளியே வரத்தான் வழியில்லை.

உணவிலிருந்து நாம் தினமும் உறிஞ்சும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம்தான். புதிய சிவப்பணுக்களை உருவாக்க எலும்பு மஜ்ஜைக்கு வேண்டியதோ 20 மில்லிகிராமுக்கு மேல். மீதியைத் தருவது பழைய சரக்கு. சுமார் 120 நாள் உழைத்துத் தளர்ந்த சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கி, இரும்பைப் பிரித்து, மறுபடி ரத்தத்தில் விடுகின்றன.

அந்த இரும்பு செல்லை விட்டு வெளியேற ஒரே வாசல்தான் உண்டு: ஃபெரோபோர்டின் என்ற புரதம். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சிறிய ஹார்மோன் அதில் வந்து ஒட்டினால், செல் அந்த வாசலையே உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். மூட்டில் அழற்சி மூண்டால் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் செய்தி சுமக்கும் புரதம் பெருகும். அது கல்லீரலைத் தூண்ட, ஹெப்சிடின் ஏறும். குடல் செல்களிலும் இதே வாசல்தான் என்பதால் மாத்திரையின் இரும்பும் அங்கேயே தேங்கிவிடும்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? கிருமிகள் பெருக இரும்பு வேண்டும். தொற்று வந்த சில நாட்களுக்கு அதை ஒளித்து வைப்பது நல்ல தற்காப்பு. முடக்குவாதத்தில் கிருமித் தொற்று இல்லாமலே, அழற்சி வருடக்கணக்கில் நீடிப்பதால் பூட்டும் திறப்பதில்லை. இதற்கிடையில் வீங்கிய மூட்டுச் சவ்விலும் இரும்பு படிகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்தால் திசுவை அரிக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற துகள்கள் பிறக்கும்.

பரிசோதனை முடிவைப் படிப்பதில் எனக்குப் பெரிய கவலை ஃபெரிட்டின் பற்றித்தான். அது இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு. ஆனால் அழற்சியிலும் தானாக உயரும். வலி மாத்திரைகளால் இரைப்பையில் ரத்தம் கசிந்து நிஜமாகவே இரும்பு குறைந்தவருக்கும் ஃபெரிட்டின் இயல்பாகத் தெரியலாம். அதனால்தான் அழற்சி உள்ளவருக்கு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமுக்குக் கீழே இருந்தாலே மருத்துவர்கள் சந்தேகப்படுகிறார்கள், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அழற்சியை அடக்கினால் பூட்டு தளர்கிறது. இன்டர்லூக்கின்-6 வந்து சேரும் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் மருந்தைக் கொடுத்தால், ஹெப்சிடின் இறங்கி ஹீமோகுளோபின் ஏறுகிறது. அந்த மருந்தில் இரும்பு கொஞ்சமும் கிடையாது.