தாவர ஸ்டெரால்: வெறும் வயிற்றில் ஏன் பலனில்லை?

கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் தாவரப் பொருளான தாவர ஸ்டெரால் மாத்திரையை மூன்று மாதம் விடாமல் எடுத்தும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் அசையவில்லை என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்போது எடுத்தீர்கள் என்பதைத்தான். "காலையில் வெறும் வயிற்றில்" என்று பதில் வந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே.

குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்ச வேண்டுமென்றால், அது முதலில் பித்தநீர் உப்புகள் உருவாக்கும் மைசெல் என்ற நுண்துளிகளுக்குள் ஏற வேண்டும். தாவர ஸ்டெரால் கொலஸ்ட்ராலின் சாயலிலேயே இருப்பதால் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இடம் கிடைக்காத கொலஸ்ட்ரால் மலத்தோடு போய்விடுகிறது. பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விடுவது சாப்பிடும்போதுதான். அந்த உணவில் கொஞ்சமாவது கொழுப்பும் இருக்க வேண்டும். கல்லீரல் பித்தநீர் வழியே அனுப்பும் கொலஸ்ட்ராலும் இப்படித் தடுக்கப்படுவதால், சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் பலன் உண்டு.

அளவு நாளைக்கு 2 கிராம், இரண்டு முக்கிய வேளை உணவோடு பிரித்து. எல்.டி.எல். சுமார் 8 முதல் 10 சதவீதம் குறையும். இரண்டு மூன்று வாரத்தில் தெரியும். 3 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் லாபம் அநேகமாக இல்லை. லேபிளில் 'ஸ்டெரால் எஸ்டர்' என்றிருந்தால் கவனியுங்கள்: அதில் ஏறத்தாழ 60 சதவீதமே ஸ்டெரால், மீதி அதோடு இணைந்த கொழுப்பு அமிலம். 2 கிராம் கிடைக்க எஸ்டர் 3.3 கிராம் வேண்டும். சாதாரண உணவில் 200–400 மி.கி. தான் கிடைக்கும்.

கொலஸ்ட்ராலைக் குறைக்க மருத்துவர் தரும் ஸ்டாட்டின் மருந்து வேலை செய்வது கல்லீரலில், இது குடலில்; இரண்டும் சேரலாம். ஆனால் இதை நம்பி ஸ்டாட்டினை நிறுத்தாதீர்கள். மாரடைப்பைக் குறைத்த சான்று ஸ்டாட்டினுக்கு உண்டு, ஸ்டெராலுக்கு இல்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்கட்டும். சிட்டோஸ்டெரோலீமியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் உறிஞ்சப்படுவதும் சற்றுக் குறையும். கீரையும் கேரட்டும் தினமும் இருக்கட்டும்.

ஓட்ஸின் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தும் உதவும். தேவை நாளைக்கு 3 கிராம், அதாவது சுமார் 75 கிராம் ஓட்ஸ். இசப்கோல் என்றால் 7–10 கிராம், ஒவ்வொரு முறையும் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே உப்பி அடைத்துவிடும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

அதிகம் பயப்பட வேண்டியது, 'இயற்கை' என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசி. அரிசியில் பூஞ்சையை வளர்த்துச் செய்வது இது. அதிலுள்ள மோனகோலின் கே, லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான். ஸ்டாட்டின் எடுப்பவர் இதையும் சேர்த்தால் இரட்டை மருந்தாகி, தசையும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். சரியாகத் தயாரிக்காத சரக்கில் சிட்ரினின் என்ற சிறுநீரக நச்சும் கலந்திருக்கலாம். இதைச் சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.