ஃபத்வா என்றால் கொலை உத்தரவு அல்ல, தம்பி

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக இதே மாதிரித் தலைப்பை அடித்துத் திருத்தினேன். வெளிநாட்டு ஏஜென்சியிலிருந்து வந்த ஆறு வரிச் செய்தி. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சர்க்கரை நோயாளிகள் ரமலான் நோன்பை விட்டுவிடலாம் என்று இஸ்லாமிய மார்க்கச் சட்டம் படித்த ஒரு முஃப்தி கொடுத்த ஃபத்வா. எங்கள் டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த தம்பி வைத்த தலைப்பு: 'முஃப்தி அதிரடி ஃபத்வா: பரபரப்பு'. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்னதில் என்னய்யா பரபரப்பு?

தம்பியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1989 பிப்ரவரி 14 அன்று ஈரானின் அப்போதைய தலைவர் கொமேனி, எழுத்தாளர் சல்மான் ருஷ்டியைக் கொல்லச் சொல்லி ஃபத்வா அறிவித்தார். அதுவரை மேற்கத்திய வாசகர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத சொல், அன்று முதல் ஆங்கிலத்தில் மரண தண்டனைக்கு மறுபெயராகிவிட்டது. நாமும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டோம்.

சரி, இன்னொரு தடவை சொல்கிறேன். ஒருவர் சந்தேகம் கேட்கிறார். மார்க்கச் சட்டம் படித்தவர் பதில் சொல்கிறார். அந்தப் பதில்தான் ஃபத்வா. வக்கீலிடம் போய்க் கருத்துக் கேட்பதைப் போல. தீர்ப்பு சொல்வது நீதிபதியான காஜியின் வேலை, முஃப்தியின் வேலை அல்ல. ஒரு முஃப்தியின் பதிலை இன்னொரு முஃப்தி மறுக்கலாம், மறுக்கவும் செய்கிறார்கள். கெய்ரோவில் தாருல் இஃப்தா என்ற அமைப்பு 1895 முதல் இதே வேலையாக இருக்கிறது. தலாக், வங்கி வட்டி, பாகப் பிரிவினை என்று வீட்டுக் கேள்விகள்தான் அங்கே குவிகின்றன. 2010இல் லண்டனில் பாகிஸ்தானைச் சேர்ந்த மார்க்க அறிஞர் தாஹிருல் காதிரி பயங்கரவாதத்தைக் கண்டித்து 600 பக்கத்துக்கு ஒன்று வெளியிட்டார். அதுவும் ஃபத்வாதான்.

ஜிஹாத் என்பதை 'புனிதப் போர்' என்று எழுதுவது இன்னொரு தலைவலி. ஆங்கிலக்காரர் செய்த மொழிபெயர்ப்பை நாம் மறுபடி மொழிபெயர்த்தது அது. ஜிஹாத் என்ற அரபிச் சொல்லின் வேரில் புனிதமும் இல்லை, போரும் இல்லை. பாடுபடுதல் என்றுதான் பொருள். ஆயுதம் ஏந்துவதையும் அது குறிக்கும், மறுக்கவில்லை. எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

அப்புறம் 'அல்லாஹ்'. அரபு கிறிஸ்தவரின் பைபிளில் ஆதியாகமம் முதல் வசனத்திலேயே இந்தச் சொல்தான். அவர் வாயிலிருந்து வந்தால் 'காட்' என்று மொழிபெயர்க்கும் ஆங்கில நிருபர், முஸ்லிம் சொன்னால் மட்டும் அரபியிலேயே விட்டுவிடுவார். ஏதோ வேறொரு சாமி போல! தமிழில் நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இறைவன், தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் எல்லாம் நம் வீட்டுச் சொற்கள்.

குண்டு வெடித்த முதல் ஒரு மணி நேரத்தில் மதத்தை எழுதாதீர்கள். 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் ஒரு லண்டன் நாளிதழ் முதல் பக்கத்தில் அல் கொய்தா என்று போட்டது. கொன்றவன் இஸ்லாத்தை வெறுத்த நார்வேக்காரன்.

இரவு ஷிஃப்டில் சந்தேகம் வந்தால் கூகுளிடம் போகாதே, தம்பி. பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் இமாமின் நம்பர் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இஷா என்ற இரவுத் தொழுகை முடிந்ததும் எடுப்பார்.