கரண்ட் பில்: 100 யூனிட் இலவசம் போக மீதிக்கு என்ன கணக்கு?

கை இறுக்கமான மாதங்களில் நாம் முதலில் குறைப்பது பால், காய்கறி, பஸ் செலவு. கரண்ட் பில்லை மட்டும் வந்தது வந்தபடி கட்டிவிடுகிறோம். லைட்டை அணை, ஃபேனை அணை என்று பிள்ளைகளை விரட்டுவதோடு சரி. தமிழ்நாட்டில் யூனிட்டுக்கு எப்படி விலை போடுகிறார்கள் என்று தெரியாமல் விரட்டினால் சில வீடுகளில் பைசா கூட மிச்சமாகாது, சில வீடுகளில் அஞ்சு யூனிட் குறைத்தாலே முந்நூறு ரூபாய் வரை நிற்கும்.

முதலில் இலவசம். 2016 மே மாதம் ஜெயலலிதா மறுபடி முதல்வரானபோது கையெழுத்திட்டது இது: வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இதற்கு மனு, வருமானச் சான்று எதுவும் வேண்டாம், பில் போடும்போதே கழித்துவிடுவார்கள். ஏழை வீடு, பங்களா என்ற வித்தியாசமும் இல்லை. 70 யூனிட்தான் ஓட்டினீர்கள் என்றால் மீதி 30 அடுத்த பில்லுக்கு வராது, அவ்வளவுதான். வீட்டு இணைப்புக்கு இருந்த நிலைக் கட்டணத்தை, அதாவது எவ்வளவு ஓட்டினாலும் தனியாகக் கட்ட வேண்டியிருந்த தொகையை, 2022லேயே எடுத்துவிட்டார்கள், அதனால் 100க்குள் நின்றால் பில் பூஜ்யம்தான். கைத்தறி நெசவாளருக்கு இந்த இலவசம் 300 யூனிட், விசைத்தறிக்கு 1000 யூனிட், 2023ல் கூட்டியது.

அப்புறம் விலை. 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. அதாவது 200 யூனிட் ஓடினால் 235 ரூபாய், 300 என்றால் 705, 500 என்றால் 1805. இருநூறைத் தாண்டியதும் விலை அப்படியே இரட்டிப்பாகிறது, கவனித்தீர்களா? 220 ஓட்டுகிற வீடு அந்த இருபதைக் குறைத்தால் 94 ரூபாய் மிச்சம். 120 ஓட்டுகிற வீடு அதே இருபதைக் குறைத்தால் 47 ரூபாய். 90 ஓட்டுகிற வீடு இருட்டில் உட்கார்ந்திருந்தாலும் மிச்சம் எதுவும் இல்லை, பேசாமல் ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான பள்ளம் 500ல் இருக்கிறது. 501வது யூனிட் ஓடிவிட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்றுதான் நானும் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. கணக்கே வேறு அட்டவணைக்குப் போய்விடும்: 2.35 என்ற சலுகை விலை காணாமல் போய், 101லிருந்து 400 வரை எல்லாமே 4.70, 401 முதல் 500 வரை அதே 6.30, 500க்கு மேலே 600 வரை 8.40. 500 யூனிட்டுக்கு 1805 என்றால் 501க்கு 2048 ரூபாய் சொச்சம். ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! ஒரு கோடை விடுமுறையில் ஊரிலிருந்து அக்கா குடும்பம் வந்து தங்கியிருந்தது, எங்களுக்கு 507 வந்தது. அந்த ஏழு யூனிட்டுக்கு நாங்கள் கொடுத்தது 294 ரூபாய். கணக்கெடுக்க வருவதற்கு நாலு நாள் முன்னால் மீட்டரை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் அயர்ன் பாக்ஸையும் ஹீட்டரையும் அந்த நாலு நாள் தொடாமல் இருந்திருப்போம்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான், மீட்டரைப் படியுங்கள். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம் என்று எண்கள் மாறி மாறி ஓடும், பக்கத்தில் கேடபிள்யூஎச் என்ற ஆங்கில எழுத்துகள் வரும்போது தெரிகிற எண்தான் உங்களுக்கு வேண்டியது. மீட்டர் அட்டையில் போன தடவை எழுதிய எண்ணை இதிலிருந்து கழித்தால் இதுவரை ஓடிய யூனிட். கணக்கெடுத்து முப்பதாவது நாள் ஒரு தடவை, ஐம்பதாவது நாள் ஒரு தடவை பார்த்து காலண்டரிலேயே குறித்துவிட்டால் போதும். முப்பதாம் நாளே 260 என்றால் இந்தத் தடவை 500ஐத் தாண்டும் என்று தெரிந்துவிடும், கையில் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

எதைக் குறைப்பது? 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2000 வாட் ஹீட்டர் அரை மணியில் ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். பழைய ஃபேன் சுமார் 75 வாட், பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும், ஆனால் நாளைக்கு இருபது மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட். குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் என்றால் 30 வாட் அளவில் 36 யூனிட்டோடு முடிந்துவிடும். 260 யூனிட்டுக்கு மேல் ஓட்டுகிற வீட்டுக்கு அந்த வித்தியாசம் ஒரு பில்லுக்கு 250 ரூபாய்க்கு மேல், அதிகம் ஓடுகிற ஒரே ஒரு ஃபேனை மட்டும் மாற்றினாலே. ஏற்கெனவே 100க்குள் இருக்கிற வீடு அதை வாங்குவது வீண். டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் விழித்துக்கொண்டுதான் இருக்கும். அது பத்து வாட் எடுத்தாலும் அறுபது நாளில் 14 யூனிட், சுவிட்சிலேயே அணையுங்கள். ஃபிரிட்ஜ் வாங்கப் போனால் ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அதை ஆறால் வகுத்துப் பாருங்கள், உங்கள் பில்லில் எத்தனை யூனிட் ஏறும் என்று தோராயமாகத் தெரியும்.

வாடகை வீட்டுக்காரர்கள் பாடுதான் கஷ்டம். வீட்டு ஓனர் தன் இணைப்பிலிருந்தே கரண்ட் கொடுத்து, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வாங்கும் வீட்டில் 90 யூனிட் ஓட்டினால் 720 ரூபாய். தனி இணைப்பு இருந்தால் அதே 90க்கு ஒன்றும் கட்ட வேண்டாம். வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வருமா என்று கேட்கிற மூச்சிலேயே தனி ஈபி மீட்டரா என்றும் கேட்டுவிடுங்கள். வாடகை இருநூறு முந்நூறு கூட இருந்தாலும் தனி மீட்டர் வீடு கட்டுப்படியாகலாம், உங்கள் யூனிட்டை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும், தவறினால் ஃபியூஸைப் பிடுங்குவதோடு மறு இணைப்புக் கட்டணமும் சேரும். மீட்டர் எண்ணும் பில்லும் ஒத்துப்போகவில்லை என்றால் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987க்கு அழையுங்கள். அட்டையில் இருக்கும் இணைப்பு எண் கேட்பார்கள், கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.